சிக்கனத்தில் பிறந்த நடுக்கம்பி

1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தாமஸ் எடிசன் தொடங்கிவைத்த மின்நிலையம், போவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று என இரண்டே கம்பிகளில் 110 வோல்ட் நேர்மின்னோட்டத்தை வழங்கியது. மின்னழுத்தம் குறைவாக இருந்ததால் மின்னோட்டம் மிகுந்தது. அதைத் தாங்கக் கம்பிகள் தடித்தன. செம்பின் விலையே மின்வினியோகத்தின் எல்லையை வகுத்தது. இந்த நெருக்கடிக்குத் தீர்வாக, எடிசனும் அவரைச் சாராமல் இங்கிலாந்தில் ஜான் ஹாப்கின்சனும் 1882இலேயே மூன்று கம்பி முறையை வகுத்தனர். இரண்டு மின்னாக்கிகளைத் தொடராக இணைத்து, அவை சேரும் இடத்திலிருந்து நடுக்கம்பி ஒன்றை இழுத்தால், வெளிக்கம்பிகளுக்கிடையே 220 வோல்ட்டும், நடுக்கம்பிக்கும் எந்தவொரு வெளிக்கம்பிக்கும் இடையே 110 வோல்ட்டும் கிடைக்கும். நியூட்ரல் எனப்பட்ட இந்நடுக்கம்பியில், இருபுறச் சுமையும் சமமானால் மின்னோட்டமே இராது. சமம் குலைந்தால் வேறுபாடு மட்டும் அதன் வழியே திரும்பும். மூன்று கம்பிகளையும் ஒரே தடிமனில் அமைத்தாலும் செம்பின் தேவை எட்டில் மூன்று பங்காகக் குறைந்தது. 1883 ஜூலை 4 அன்று பென்சில்வேனியாவின் சன்பரி என்னும் சிற்றூரில், கம்பங்களின் மேல் இழுத்த கம்பிகளோடு இம்முறை நடைமுறைக்கு வந்தது.

பெரும்பாலும் சும்மா கிடப்பதாகத் தோன்றிய அக்கம்பியே மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவது என்பது, அது அறுந்தபோதுதான் வெளிப்பட்டது. நியூட்ரல் துண்டிக்கப்பட்டால் இருபுறத்து விளக்குகளும் 220 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒரே தொடராகிவிடுகின்றன. ஒருபுறம் பத்து விளக்குகளும் மறுபுறம் இரண்டும் எரிந்துகொண்டிருந்தால், பத்தின் பக்கம் ஏறத்தாழ 37 வோல்ட்டாக மங்க, இரண்டின் பக்கம் 183 வோல்ட்டாக எகிறும். சுமை குறைந்த பக்கமே கருகும் என்பது முதற்பார்வைக்கு முரணாகப்படலாம். ஆனால் விளக்குகள் குறைந்த பக்கத்தில்தான் மின்தடை மிகுதி என்பதால், அழுத்தத்தின் பெரும்பங்கும் அங்கேதான் விழும்.

இப்பழுதைக் கண்டறியும் வழியும் இதிலேயே அடங்கியிருக்கிறது. சாதாரண லோ வோல்டேஜில் இருபுறமும் சேர்ந்தே தாழும்; நியூட்ரல் பழுதிலோ ஒருபுறம் தாழ்ந்த அளவுக்கு மறுபுறம் ஏறி, கூட்டுத்தொகை மாறாது நிற்கும். ஒருபக்கம் ஹீட்டரைப் போட்டதும் மறுபக்கத்து விளக்கு பளிச்சென்று பிரகாசித்தால் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனுக்கு அதுவே போதிய துப்பு. மீட்டர் அதை உறுதிப்படுத்தத்தான்.

நேர்மின்னோட்டம் வீடுகளிலிருந்து விடைபெற்ற பின்னும் நடுக்கம்பி நிலைத்தது. வட அமெரிக்க வீடுகளில் டிரான்ஸ்பார்மர் சுருளின் நடுமுனையிலிருந்து அது வருகிறது. இந்தியாவின் மும்முனை வினியோகத்தில் நான்காம் கம்பியாக ஓடுகிறது. தமிழ்நாட்டில் ‘நியூட்ரல் கட்’ எனப்படும் பழுது நேரும்போது ஒரு தெருவில் சில வீடுகளில் மின்விசிறி சுழலத் திணற, வேறு சில வீடுகளில் டிவியும் பல்புகளும் கருகுவதற்குக் காரணம், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை நிலைநிறுத்தும் பிடி தளர்ந்துவிடுவதே. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் தரையிணைப்புள்ள நியூட்ரலில் தனியே ஃபியூஸ் வைக்கக் கூடாதென விலக்கியதற்கும் இதுவே அடிப்படை.

நியூட்ரலை மண்ணோடும் இணைக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியபின் கண்டறிதல் கடினமாயிற்று. அங்கே பல வீடுகளில் உலோகக் குடிநீர்க் குழாயே தரையிணைப்பாக இருந்ததால், ஒரு வீட்டின் நியூட்ரல் அறுந்தாலும் மின்னோட்டம் குழாய் வழியே அண்டை வீட்டின் நியூட்ரலை அடைந்து, பழுதை ஆண்டுக்கணக்கில் மறைத்துவிட முடிந்தது. பழைய குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் பதித்த நாளில்தான் அவ்வீட்டு விளக்குகள் ஏறியிறங்கத் தொடங்கும்.