பம்பிங் குறையும் முன்பே

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையில், அட்ரியாமைசின் என்ற புதிய மருந்தை ஏற்றிக்கொண்ட 399 பேரின் குறிப்புகளை மருத்துவர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 1973இல் அந்த ஆய்வு வெளியானது. 11 பேருக்கு இதயம் செயலிழந்திருந்தது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அந்தப் பதினொரு பேரும் யார் என்று பார்த்தபோதுதான் விஷயம் புலப்பட்டது. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 550 மில்லிகிராமுக்குள் மருந்து பெற்ற 366 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அந்தக் கதி நேர்ந்தது. அந்த அளவைத் தாண்டிய 33 பேரில் 10 பேருக்கு நேர்ந்தது.

அன்று முதல் 550 என்பது உலகெங்கும் புற்றுநோய் வார்டுகளில் எல்லைக்கோடாயிற்று.

மருந்து பிறந்தது இத்தாலியில். மிலானைச் சேர்ந்த ஃபார்மிடாலியா நிறுவனம் 1950களில் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து புற்றுநோய் மருந்து தேடிக்கொண்டிருந்தது. தென்கிழக்கே அபூலியா பகுதியில், பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டையான காஸ்டெல் தெல் மோன்தேக்கு அருகே எடுத்த மண்ணில், செந்நிறச் சாயம் சுரக்கும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை கிடைத்தது. அந்தச் சிவப்பிலிருந்து முதலில் டானோரூபிசின் வந்தது. 1960களின் இறுதியில், அதே நுண்ணுயிரின் திரிபு ஒன்றிலிருந்து டாக்சோரூபிசின் என்ற அட்ரியாமைசின் வந்தது. ரத்தப் புற்று, நிணநீர்ப் புற்று, மார்பகப் புற்று, எலும்பு மற்றும் தசைப் புற்று என்று இந்தக் குடும்பத்து மருந்துகள் உயிர் காத்த நோய்களின் பட்டியல் நீளம். அரை நூற்றாண்டு கடந்தும் இவை இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. இவற்றுக்கு முழு மாற்று வரவில்லை. அதனால்தான் இதயத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்த பிறகும் மருந்தைத் தூக்கி எறிய முடியவில்லை. இதயத்தைக் கண்காணித்துக்கொண்டே கொடுக்க வேண்டியதாயிற்று.

எல்லைக்கோடும் வெகுநாள் நிலைக்கவில்லை. 1979இல் டேனியல் வான் ஹாஃப் குழுவினர் 4,018 நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டினார்கள். 400 மில்லிகிராமில் 3 சதவீதம், 550இல் 7 சதவீதம், 700இல் 18 சதவீதம் என்று ஆபத்து படிப்படியாக ஏறியது. பாதுகாப்பான இடம் என்று எங்கும் கோடு கிழிக்க முடியாது என்பதே அதன் பொருள். 300இல் விழும் இதயமும் உண்டு, 800ஐத் தாங்கும் இதயமும் உண்டு. சராசரியை வைத்துத் தனி ஆளைக் காப்பாற்ற முடியாதென்றால், ஒவ்வொருவரின் இதயத்தையும் திறக்காமல் உள்ளே பார்த்தாக வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? அன்று கையில் இருந்தவை ஸ்டெதஸ்கோப், ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே. மூச்சு வாங்கி, கால் வீங்கி, எக்ஸ்ரேயில் இதயம் பெருத்துத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நேரடியான வழி ஒன்றை எடுத்தார்கள். இதய மாற்று சிகிச்சைக்காகப் பழகியிருந்த உத்தி அது. கழுத்துச் சிரை வழியே நுனியில் சிறு கொறடு பொருத்திய குழாயைச் செலுத்தி, இதயத்தின் வலது கீழறைக்குள் போய், நடுச்சுவரிலிருந்து கடுகளவு தசையைக் கிள்ளி எடுத்து வருவார்கள். நோயியல் நிபுணர் மார்கரெட் பில்லிங்ஹாம் அந்தத் துணுக்குகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, செல்லுக்குள் குமிழ் விழுவதையும் சுருங்கும் இழைகள் அற்றுப்போவதையும் தரவரிசைப்படுத்தினார். அவர் கண்டது, புற்று மருந்து பெறுவோரின் இதயத்தைக் காக்கும் இந்தத் துறையின் போக்கையே தீர்மானித்தது. இதயத்தின் பம்பிங் சரியாக இருப்பவர்களுக்கும் தசைக்குள் சேதம் ஆரம்பித்திருந்தது. எஞ்சிய செல்கள் கூடுதல் பாரத்தைச் சுமந்து குறையை மறைத்துக்கொண்டிருந்தன. ஆனால் கீமோவுக்கு வரும் ஒவ்வொருவரின் இதயத்தையும் மாதாமாதம் கிள்ளிப் பார்க்க முடியாது. தேவைப்பட்டது, உடலைக் கீறாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய படம்.

முதலில் கைகொடுத்தது அணு மருத்துவம். மூகா ஸ்கேன் என்று இன்றும் சொல்லப்படும் அந்தச் சோதனையின் முதல் வடிவம் 1971இல் வெளியானது. நோயாளியின் சிவப்பணுக்களில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றுவார்கள். ஆறு மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். நெஞ்சுக்கு நேரே காமா கேமரா நிற்கும், ஈ.சி.ஜி. அதற்குத் தாளம் சொல்லும். ஒவ்வொரு துடிப்பையும் சிறு கட்டங்களாக வெட்டி, நூற்றுக்கணக்கான துடிப்புகளின் ஒரே கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கணினி ஒரே துடிப்பாகக் காட்டும். இடது கீழறை நிறைந்திருக்கும்போது அங்கிருந்து வரும் கதிர்கள் எத்தனை, சுருங்கியபின் எத்தனை? இரண்டையும் ஒப்பிட்டால், நிறைந்த ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு கிடைக்கும். மருத்துவமனைகளில் ‘பம்பிங் எத்தனை பர்சன்ட்?’ என்று நோயாளிகள் கேட்பது இதைத்தான்.

யேல் பல்கலைக்கழகக் குழு 1979இல் டாக்சோரூபிசின் நோயாளிகளை இந்த முறையில் தொடர்ந்து அளந்து காட்டியது. 1987இல், ஏழு ஆண்டுகளில் அளக்கப்பட்ட 1,487 பேரின் அனுபவம் வெளிவந்தது. பம்பிங் 10 புள்ளிகள் இறங்கி 50க்கோ அதற்குக் கீழோ வந்தால் மருந்தை நிறுத்து என்பது அதில் இருந்த விதி. அதிக ஆபத்தில் இருந்த 282 பேரில், அந்த நெறிமுறைப்படி நடத்தப்பட்டவர்களில் 2.9 சதவீதத்தினருக்கும், அப்படி நடத்தப்படாதவர்களில் 20.8 சதவீதத்தினருக்கும் இதயம் செயலிழந்தது. ஒரு படம் இதயத்தைக் காக்கும் என்பதற்குத் தெளிவான சான்று அது.

இதே காலத்தில், ஒலி அலைகளின் எதிரொலியால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ தன் முறைக்காகக் காத்திருந்தது. அதன் தொடக்கம் கப்பல் கட்டும் துறையில். ஸ்வீடனின் லுண்ட் நகரில் இதயநோய் மருத்துவர் இங்கெ எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும், உலோகத்தில் விரிசல் தேடும் ஒலிக்கருவியை மால்மோ கப்பல்தளத்தில் இரவல் வாங்கி நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு சீமென்ஸ் நிறுவனம் தந்த கருவியைக் கொண்டு, 1953 அக்டோபர் 29 அன்று துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். அப்போது கிடைத்தது ஒற்றைக் கோட்டின் அசைவு மட்டுமே. அறையின் முழு வடிவமும் திரையில் தெரிய 1970கள் ஆயின. கதிரியக்கம் இல்லை, ஊசி இல்லை, படுக்கைக்கே கொண்டுபோகலாம் என்பதால் மெல்ல மெல்ல மூகாவின் இடத்தை எக்கோ பிடித்துக்கொண்டது.

குழந்தைகளுக்கு அது பெரும் வசதி. ஆனால் அது காட்டிய செய்தி கசப்பானது. பாஸ்டனில் ஸ்டீவன் லிப்ஷுல்ட்ஸ் குழு, சிறுவயதில் ரத்தப் புற்றிலிருந்து மீண்ட 115 பேரை எக்கோவில் பார்த்து 1991இல் எழுதியது. 57 சதவீதத்தினரின் இதயத்தில், சுருங்கும் திறனிலோ அது தாங்கும் அழுத்தத்திலோ கோளாறு இருந்தது. சிலருக்குச் சிகிச்சை முடிந்து பதினைந்து ஆண்டுகள்வரை ஆகியிருந்தது. பள்ளி முடித்து வேலைக்குப் போகும் வயதில் அவர்களுக்கு அடுத்த நோய் காத்திருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

மார்பகப் புற்றுக்கான டிராஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது கதை வேறு திசையில் திரும்பியது. 2001இல் வெளியான ஆய்வில், பழைய சிவப்பு மருந்துக் குடும்பத்தோடு இதையும் சேர்த்துப் பெற்ற பெண்களில் 27 சதவீதத்தினருக்கு இதயப் பாதிப்பு. சிவப்பு மருந்து வகையை மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம். ஆனால் டிராஸ்டுசுமாபை நிறுத்தினால் பெரும்பாலும் பம்பிங் மீண்டு வந்தது. ஆகவே நிறுத்தி, இதயத்துக்கு மருந்து கொடுத்து, படம் எடுத்து, மறுபடி தொடங்கும் பழக்கம் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ வழக்கமானது. எப்போது நிறுத்துவது என்று சொல்ல வந்த படம், எப்படித் தொடர்வது என்று சொல்லத் தொடங்கியது. இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான். 2019இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பம்பிங் 40க்கும் 49க்கும் இடையே இருந்த 30 பேருக்கு இதய மருந்தும் நெருக்கமான எக்கோவும் கொடுத்து, இந்த வகைப் புற்று மருந்தைத் தொடர்ந்தார்கள். 27 பேர் சிகிச்சையை முழுமையாக முடித்தார்கள். முன்பென்றால் அவர்களுக்கு அந்த மருந்து மறுக்கப்பட்டிருக்கும்.

எண்ணை நம்பி இவ்வளவு பெரிய முடிவு எடுக்கும்போது, எண் சரியா என்ற கேள்வி வந்தே தீரும். நிலைமை மாறாத நோயாளிக்கே சாதாரண இருபரிமாண எக்கோவைத் திரும்பத் திரும்ப எடுத்தால், பம்பிங் அளவு ஏறக்குறைய 10 புள்ளிகள் முன்பின் ஆகலாம் என்று தினேஷ் தவேந்திரநாதன், தாமஸ் மார்விக் முதலானோர் 2013இல் காட்டினார்கள். சேதம் என்று எதை வரையறுத்தார்களோ, அதே 10 புள்ளிகள்! முப்பரிமாண எக்கோவில் இந்த ஆட்டம் 6 புள்ளிகளுக்குள் அடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை, சிறுவயதுப் புற்றிலிருந்து மீண்ட 114 பேரை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தது. பம்பிங் 50க்குக் கீழே இருந்தவர்களில் நால்வரில் மூவரை இருபரிமாண எக்கோ தவறவிட்டிருந்தது.

அடுத்து வந்தது ‘ஸ்ட்ரெயின்’. எக்கோ படத்தை உற்றுப் பார்த்தால் இதயத் தசை முழுதும் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளிக் கூட்டத்தையும் கணினி படத்துக்குப் படம் பின்தொடர்ந்து, தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்று கணக்கிடும். நல்ல இதயத்தில் அது சுமார் 20 சதவீதம். 20இலிருந்து 17க்கு இறங்கினாலே, அதாவது 15 சதவீதம் குறைந்தாலே எச்சரிக்கை என்று 2014இல் அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ சங்கங்கள் வகுத்தன. பம்பிங் அப்போதும் 60 என்று காட்டிக்கொண்டிருக்கலாம்.

இந்த அவசரத்துக்குக் காரணம் மிலானிலிருந்து வந்தது. மருந்து பிறந்த அதே நகரில் டேனியலா கார்தினாலே, இதயம் பழுதடைந்த 201 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் எழுதினார். கீமோ முடிந்து இரண்டு மாதத்துக்குள் இதய மருந்து தொடங்கியவர்களில் 64 சதவீதத்தினர் முழுமையாக மீண்டார்கள். ஆறு மாதத்துக்குப் பின் தொடங்கியவர்களில் ஒருவரும் முழுமையாக மீளவில்லை.

சீக்கிரம் பார்த்தால் பலன் அதிகம் என்பதை ஸ்ட்ரெயின் நிரூபித்துவிட்டதா? பல நாடுகளில் 331 பேரை வைத்து, தவேந்திரநாதன், மார்விக் குழுவினர் நடத்திய ‘சக்கர்’ ஆய்வின் விடை கலவையானது. ஓராண்டு முடிவில், ஸ்ட்ரெயினைப் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் 5.8 சதவீதத்தினருக்கும், பம்பிங்கை மட்டும் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் 13.7 சதவீதத்தினருக்கும் பாதிப்பு வந்தது. ஆனால் ஆய்வின் முதன்மைக் கேள்வியான சராசரி பம்பிங் மாற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மூன்றாம் ஆண்டிலும் இல்லை. ஆகவே ஸ்ட்ரெயினை ஒதுக்கவும் முடியாது, அதை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் முடியாது. மாட்ரிட் நகரின் தேசிய இதய ஆய்வு மையம் இன்னும் முன்னே போனது. பன்றிகளின் இதயத் தமனியில் டாக்சோரூபிசின் செலுத்தி, பம்பிங் இறங்கும் முன்பே தசைச் செல்களுக்குள் நீர் கோப்பதை எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கிறது என்று 2019இல் எழுதியது. அந்தக் கட்டத்திலேயே மருந்தை நிறுத்தினால் இதயம் தேறியது. பில்லிங்ஹாம் நுண்ணோக்கியில் கண்ட ஆரம்பச் சேதத்தைக் கிள்ளி எடுக்காமலே பார்க்கும் வழி அது.

ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2022இல் இந்தத் துறைக்கென்றே தன் முதல் வழிகாட்டியை வெளியிட்டது. கீமோ தொடங்கும் முன்பே ஒரு எக்கோ, இயன்றால் முப்பரிமாணமும் ஸ்ட்ரெயினும் சேர்த்து. அதிக ஆபத்துள்ளவர்களுக்குச் சிகிச்சை முடிந்து முதல், மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளிலும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் எக்கோ என்கிறது அது. ஸ்ட்ரெயின் எண் கருவிக்குக் கருவி மாறும் என்பதால், கூடியவரை ஒரே நிறுவனத்தின் கருவியிலேயே எடுப்பது நல்லது. சிறுவயதில் சிகிச்சை பெற்றவர்கள் பெரியவர்களாகிப் புது மருத்துவரிடம் போகும்போது, அவர் முதலில் கேட்பது எந்த மருந்து, மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்பதைத்தான். அந்த விவரம் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில்தான் இருக்கும். அதைப் பிள்ளையின் கையில் கொடுத்து வைக்கும்படி பெற்றோரிடம் சொல்வதும் இப்போது சிகிச்சையின் ஒரு பகுதி.