டிப் கெட்டியான கதை

பூல் கிளப்பின் வாசலில் நின்று பிரேக், அதாவது ஆட்டத்தின் முதல் அடி, விழும் சத்தத்தைக் கேட்டாலே, உள்ளே இருப்பவர் கையில் எந்தக் கியூ இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கியூவின் நுனியில் ஒட்டும் டிப் தோல் என்றால் ‘தொப்’. பினாலிக் என்ற கெட்டிப் பிசின் என்றால் ‘டக்’, ஓட்டுக் கூரையில் கல் விழுந்த மாதிரி. அந்த ‘டக்’ பரவலாகக் கேட்கத் தொடங்கி இருபது முப்பது வருஷம்தான் ஆகிறது. ஆனால் அதன் முன்கதை இருநூறு வருஷத்துக்கும் மேல் போகும்.

ஆதியில் கியூவே கிடையாது. பிலியர்ட்ஸ் ஆடியவர்கள் ‘மேஸ்’ என்ற கோலால் பந்தைத் தள்ளினார்கள். அதன் தலை கனமாக, தட்டையாக இருக்கும். பந்து மேஜையின் விளிம்பை ஒட்டி நின்றுவிட்டால் அந்தத் தலையை வைக்க இடம் இருக்காது. அப்போது கோலைத் திருப்பிப் பிடித்து மெல்லிய வால்பக்கத்தால் குத்துவார்கள். பிரெஞ்சில் வாலுக்குப் பெயர் ‘கியூ’. நாளடைவில் தலை ஒழிந்தது, வால் நிலைத்தது.

வால் வெறும் மரம். பந்தின் நடுவில் குத்தினால் சரி, கொஞ்சம் விலகினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதற்கு வழி கண்டவர் பிரான்சுவா மேங்கோ என்ற பிரெஞ்சுக் காலாட்படை கேப்டன். பாரிஸில் சிறையில் இருந்தபோது கியூவின் நுனியில் தோலை ஒட்டிப் பார்த்தார். ஆட்டத்தைக் கற்று முடிப்பதற்காகச் சிறைவாசத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேட்டாராம். கதையாகக்கூட இருக்கலாம், ஆனால் பிலியர்ட்ஸ் பைத்தியம் பிடித்தவர்களைப் பார்த்தவர்கள் நம்புவார்கள். 1807 வாக்கில் தோல் டிப் வெளியுலகுக்கு வந்தது. பந்தை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று எங்கே வேண்டுமானாலும் தொட்டுச் சுழலவிட முடிந்தது.

தோலும் தனியாக இருந்தால் வழுக்கும், தூள் வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் ஜாக் கார் என்பவர் பந்தைச் சுழற்றும் மந்திரப் பொடி என்று ஒன்றை நல்ல விலைக்கு விற்றார். டப்பாவில் இருந்தது சாதாரணச் சுண்ணத் தூள். முறையான பொருள் வந்தது 1897இல். வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற பிலியர்ட்ஸ் ஆட்டக்காரரும், சிகாகோவில் வேதியியலாளராக இருந்த வில்லியம் ஹாஸ்கின்ஸும் சேர்ந்து காப்புரிமை வாங்கினார்கள். நாம் இன்றும் ‘சாக்’ என்று சொல்லும் அந்த நீலக் கட்டியில் சுண்ணம் முக்கியமில்லை. உப்புத்தாள் போல உரசிப் பிடிக்கும் சிலிக்கா மாதிரியான கடினத் தூள்தான் வேலை செய்கிறது.  

ஆக, தோலும் சாக்கும் பிறந்தது சுழற்சிக்காக. பிரேக் ஷாட்டுக்குச் சுழற்சி தேவையே இல்லை என்பதுதான் இந்தக் கதையின் முடிச்சு.

ஊட்டி கிளப்பில் 1882இல் விதி எழுதி ஒட்டினார்களே, அந்த ஸ்னூக்கரில் பிரேக்கை மெதுவாகத்தான் அடிப்பார்கள். பந்தைக் கலைத்துவிட்டால் எதிராளிக்கு விருந்து. பூல் அப்படியில்லை. முக்கோணமாக அடுக்கிய 15 பந்தையும் ஒரே அடியில் சிதறடித்து, ஒன்றையாவது குழியில் போட வேண்டும். வெள்ளைப் பந்து சுமார் 170 கிராம். நல்ல ஆட்டக்காரர் அதை மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் விரட்டுவார். அடி விழ வேண்டிய இடம் பந்தின் நட்டநடு.

தோல் டிப்பைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். சுமார் 13 மில்லிமீட்டர் அகலம், மேலே மெல்லிய குமிழ் வளைவு. அந்த வளைவை அமெரிக்கர்கள் நிக்கல், டைம் என்று நாணயத்தை வைத்து அளந்து அரத்தால் ராவி எடுப்பார்கள். இவ்வளவு பாடுபட்டுச் சீவிய டிப்பால் பத்து பிரேக் அடித்தால், தலை நசுங்கி ஓரம் நாய்க்குடை போல் வெளியே பிதுங்கும். அதனால்தான் பிரேக்குக்கென்று தனிக் கியூ வைத்துக்கொண்டார்கள். தனிக் கியூ என்று ஆன பிறகு அதில் தோல் எதற்கு?

பதில் மேஜை மேலேயே உருண்டுகொண்டிருந்தது. யானைத் தந்தப் பந்துக்கு மாற்று கண்டுபிடித்தால் 10,000 டாலர் பரிசு என்று 1863இல் அமெரிக்காவில் அறிவித்தார்கள். ஜான் வெஸ்லி ஹையட் செல்லுலாய்டு பந்து செய்தார். 1907இல் லியோ பேக்லண்ட் பேக்கலைட்டைக் கண்டுபிடித்தார். அந்தப் பினாலிக் பிசின்தான் கடைசியில் நிலைத்தது. பெல்ஜியத்தில் செய்யும் அராமித் பந்து இன்றும் அந்தக் குடும்பம். அதே பிசினில் துணி அடுக்குகளை ஊறவைத்து அழுத்தினால் தகடு கிடைக்கும். நம் ஊர் மோட்டார் ஷெட்டில் ஸ்விட்ச் போர்டுக்குப் போடும் ஹைலம் ஷீட் தெரியுமல்லவா, கிட்டத்தட்ட அதுதான். அதில் ஒரு வில்லை வெட்டி பிரேக் கியூவின் நுனியில் ஒட்டினார்கள். பந்தின் சதையையே எடுத்துக் கோலின் முனையில் வைத்த மாதிரி. பிறகு மின்சுற்றுப் பலகைக்குப் பயன்படும் ஜி10 என்ற கண்ணாடி இழைத் தகட்டையும் விடவில்லை.

லாபம் எவ்வளவு? தோல் அமுங்கும், அமுங்குவதில் அடியின் வேகம் கொஞ்சம் வீணாகும். பினாலிக் அமுங்காது. அதே கை வேகத்துக்குப் பந்தின் வேகம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது 32 ஆகும். விளம்பரங்களைப் படித்தால் மேஜையே உடைந்துவிடும் போலிருக்கும். எனக்கு 32 தான் நியாயமான கணக்காகத் தெரிகிறது.

குறைகளும் உண்டு. கெட்டி டிப்பில் சாக் சரியாக ஒட்டாது. அதனால் நடுவை விட்டு விலகினால் பழைய மரக் காலத்து வழுக்கல் திரும்பி வரும். இன்னொன்று, வெள்ளைப் பந்து காயப்படும். பந்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால் சின்னச் சின்ன பிறை வடிவக் கீறல்கள் தெரியும். கிளப் நடத்துபவருக்குத்தான் அதன் வலி தெரியும். உலக பூல் கழகத்தின் கருவி விதியும் இந்தக் கீறலைத் தடுக்கத்தான் பார்க்கிறது. டிப் பதப்படுத்திய தோலாகவோ, நார்த்தன்மையோ நெகிழ்வோ உள்ள பொருளாகவோ இருக்க வேண்டும்; பந்தைக் கீறக் கூடாது. இதை வைத்துப் பினாலிக் டிப்பை உள்ளேயே விடாத போட்டிகள் உண்டு. கியூ செய்பவர்கள் சும்மா இருப்பார்களா? தோலையே அழுத்தி இறுக்கிக் கட்டை போல் ஆக்கி, இதுவும் தோல்தானே என்று கொண்டுவந்துவிட்டார்கள்.

பிரேக் கியூ வாங்கப் போகிறவர்கள் டிப் எதனால் ஆனது என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடப்போகும் போட்டியின் விதியை அதற்கு முன்பே படித்துவிடுங்கள்.