கடுக்காயும் கறுப்பு மையும்

மைப்பேனாவுக்கு நல்ல கறுப்பு மை எது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நாங்கள் பேச்சைத் தோலில்தான் தொடங்குகிறோம். கேட்டவர் திகைப்பது இயல்பு. ஆனால் வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் வளர்ந்தவருக்கு அந்தத் திகைப்பு இராது. மரப்பட்டையில் பதனிட்ட ஈரத் தோலின்மேல் ஓர் இரும்பாணி ஓரிரவு கிடந்தால் போதும். மறுநாள் அந்த இடம் கறுத்துவிடும். கழுவினாலும் போகாது. தோல் ஷாப்பில் அது குற்றம். அதையே தாளின்மேல் வேண்டுமென்றே நிகழ்த்தினால் அதற்குப் பெயர் மை.

ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, கடுக்காய் ஆகியவற்றிலுள்ள துவர்ப்புச் சத்தே தோலை அழுகாமல் காப்பது. டானின் என்று வேதியியலார் சொல்வது இதனைத்தான். இந்தத் துவர்ப்பு இரும்பு உப்பைச் சந்தித்தால் முதலில் வெளிறிய கரைசலாக நிற்கும்; காற்றுப் பட்டதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து கறுக்கும். ஐரோப்பியர் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தின் மாசிக்காயைப் பயன்படுத்தினர். நான்காம் நூற்றாண்டின் சைனாய் விவிலியச் சுவடி முதற்கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் அலுவலகப் பேரேடுகள் வரை மேற்கில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்த இரும்பு மையால் ஆனது. மாசிக்காயும், கடுக்காயும், அன்னபேதி என்று சித்த மருத்துவர் அழைக்கும் இரும்பு உப்பும் நம் நாட்டு மருந்துக் கடைகளில் ஒரே அலமாரியில் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்க்கையில் வியப்பாகவே இருக்கிறது.

இதே வினையைத் துணியில் நிகழ்த்தியவர்களும் நமக்கு அண்டையிலேயே உண்டு. காளத்தியின் கலம்காரி ஓவியர்கள் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்த துணியில், வெல்லநீரில் இரும்புத் துண்டுகளை ஊறப்போட்டுப் புளிக்கவைத்த நீரால் கோடு இழுப்பார்கள். கோடு விழுந்த இடம் கறுக்கும். 'கலம்' என்பதே பாரசீகம் வழி வந்த, பேனாவைக் குறிக்கும் சொல் அல்லவா? செருப்புத் தைப்பவர்கள் தோலுக்குக் கறுப்பேற்றியதும் இதே இரும்பு நீரால்தான்.

1840களில் சார்ல்ஸ் டி சூசா என்ற யுரேசியர் சென்னை மாகாணத்தில் பட்டைப் பதனிடலைச் சீர்திருத்தினார். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயிலில் சிவந்துவிடும். இறுதியில் கடுக்காய் நீரில் முக்கியெடுத்தால் அந்தச் சிவப்பு ஏறாது. இலண்டன் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' பேர் பெற்றதற்கு இது ஒரு காரணம். ஆல்பிரட் சாட்டர்டன் 1904இல் வெளியிட்ட மாகாணத் தோல் தொழில் பற்றிய நூல் இவ்வரலாற்றை அறியச் சிறந்த வாயில். அந்தப் பழைய முறை இன்று திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பகுதிகளில்தான் மிஞ்சியிருக்கிறது. (டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படித்தவர்களுக்குத் திண்டுக்கல்லின் குழிகளை நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை.) ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் குரோமியத்துக்கு மாறின.

இனி மைக்கு வருவோம். கடுக்காயையும் அன்னபேதியையும் வேகவைத்து, கருவேலம் பிசின் சேர்த்து வீட்டிலேயே அருமையான மை செய்யலாம். நாங்களும் செய்திருக்கிறோம். ஆனால் அதை மைப்பேனாவில் ஊற்றக்கூடாது. பிசின் நாக்கின் நுண்ணிய வாய்க்காலை அடைக்கும். கறுத்த துகள்கள் அடியில் படியும். தொட்டெழுதும் முள்ளுக்கே அது பொருந்தும்.

இச்சிக்கலை 1850களில் டிரெஸ்டனில் அகஸ்ட் லியோன்ஹார்டி தீர்த்தார். மைக்குள் அமிலத்தைச் சேர்த்து, இரும்பு புட்டிக்குள்ளேயே கறுத்துவிடாமல் தடுப்பது அவர் வழி. புட்டியில் கறுக்காத மை எழுதும்போது கண்ணுக்குத் தெரியாதே! ஆகவே நீலச் சாயம் கலந்தார்கள். எழுதும்போது நீலம், காய்ந்த பின் கறுப்பு: நம் தாத்தாக்கள் 'புளூ பிளாக்' என்று கேட்டு வாங்கிய மையின் இரகசியம் இவ்வளவே. இந்தியத் தரக்குறிப்புகளில் 220ஆம் எண் இந்த இரும்பு மைக்கு உரியது, 0.1 விழுக்காடு இரும்பு. சாய மைகளுக்கு 1221 என்ற தனிக் குறிப்பு. இரண்டும் ஒன்றல்ல என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது.

சாய மை எங்கிருந்து வந்தது? இங்கும் மை தோலோடு கைகோத்தே நடக்கிறது. 1847இல் ஜெர்மானிய வேதியியலர் ருங்கே ஒருவகை மரச் சாயத்தில் சிறிதளவு பொட்டாசியம் குரோமேட்டைச் சேர்த்து, எஃகு முள்ளை அரிக்காத மலிவான கறுப்பு மையைக் கண்டார். 1884இல் அமெரிக்காவில் குரோமியப் பதனிடலுக்குக் காப்புரிமை பெறப்பட்டது. 1903 வாக்கில் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் மேற்சொன்ன சாட்டர்டனே. 1860களில் அனிலினிலிருந்து பிறந்த நிக்ரோசின் என்னும் கறுப்புச் சாயம் தோலுக்கும், பூட்சு பாலிஷுக்கும், மைக்கும் ஒருங்கே போயிற்று. பட்டையில் மாதக்கணக்கில் ஊறிய தோல் நாட்கணக்கில் தயாரானது. காய்ந்து கறுக்கக் காத்திருந்த எழுத்து எழுதியவுடனே கறுத்தது. தோல் விஷயத்தில் இவ்வேகத்துக்குப் பாலாறு கொடுத்த விலையை இங்கே விரித்துரைக்க இடமில்லை. 1991இல் தொடுக்கப்பட்ட வழக்கில் 1996இலும், பின்னர் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளை வாசகர்கள் தேடிப் படிக்கலாம்.

மூன்றாவதாகக் கரி மை. ஓலையில் எழுத்தாணியால் கீறி விளக்குக் கரியைத் தடவிய நம்மவரும், ஆம்பூர் வாணியம்பாடி இல்லங்களில் இன்றும் வழங்கும் உருதுவை எழுதிய காத்திபுகளும் கரியை நம்பியவர்கள். உருதுவில் மைக்கு 'ரோஷ்நாயி' என்று பெயர். வெளிச்சம் என்பதும் அதன் பொருள். 1927இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'தி முசல்மான்' நாளிதழ் பல பத்தாண்டுகள் காத்திபுகளின் கையெழுத்திலேயே வெளிவந்தது. கரி வெயிலுக்கும் அசையாது, காலத்துக்கும் அசையாது. பிசின் கலந்த பழைய கரி மை பேனாவைக் கொன்றுவிடும். ஜப்பானியர் அண்மைக் காலத்தில் செய்யும் நுண்துகள் மைகள் மட்டும் விலக்கு, அவற்றையும் பேனாவில் காயவிடக் கூடாது.

இத்தனையும் வெறும் ஆர்வலர் பேச்சல்ல என்பதை எங்களுக்கு உணர்த்தியது 2021 நவம்பர். பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது ஆம்பூரை அடுத்த ஒரு தாழ்வான தெருவில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குள் நீர் புகுந்தது. இரும்புப் பெட்டியில் இரண்டு கட்டுகள் இருந்தன. ஒன்று, அவருடைய தாத்தா கணக்கெழுதிய தோல் மண்டியின் பேரேடு. மற்றது, சுண்ணாம்புக் குழிகளில் வேலை செய்த முதியவர்களிடம் நண்பர் பல ஆண்டுகள் அலைந்து கேட்டெழுதிய குறிப்புகள்: அவர்களின் தொழிற்சொற்கள், வசவுகள், ஒப்பாரிகள். தாத்தாவின் புளூ பிளாக் கணக்கு, எத்தனை உருப்படி, எத்தனை ரூபாய் என்று, வரி பிசகாமல் நின்றது. நண்பர் அருமையாகத் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த கறுப்புச் சாய மை ஊதா நீராகிப் பக்கத்துக்குப் பக்கம் ஓடியிருந்தது. அவரிடம் பேசியவர்களில் இருவர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.

ஆகவே எங்கள் பரிந்துரை எளியது. அன்றாடத்துக்குச் சாய மை போதும். பேனாவுக்கு அது நல்லது, கழுவவும் எளிது. நிற்க வேண்டிய எழுத்துக்கு இரும்பு மை. அதிலும் இரும்பு மிகுந்து அமிலம் கூடினால் தாளே அரிபடும் (பாஹ்கின் இசைக் கையெழுத்துப் படிகளுக்கு நேர்ந்தது அதுவே); ஆதலால் மைப்பேனாவுக்கென்றே செய்யப்பட்ட, இரும்பு குறைந்த மையை வாங்குங்கள். வேறு மையோடு கலக்காதீர்கள். மாதம் ஒருமுறையேனும் பேனாவைத் தண்ணீரில் கழுவுங்கள். தங்க முள்ளானால் கவலை குறைவு. எஃகு முள் நாளடைவில் அரிபடலாம். எந்தப் புட்டியின் மேலுறையையும் நம்பாமல், ஒரே வரியை மூன்று தாள்களில் எழுதி, ஒன்றை வெயில் படும் சன்னலில் ஒட்டி, ஒன்றை ஓரிரவு நீரில் போட்டு, மூன்றாவதைப் பெட்டிக்குள் வைத்து ஒரு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

நண்பர் இப்போது மீண்டும் குறிப்பெடுத்து வருகிறார். எஞ்சியிருப்பவர்களிடம் திரும்பப் போய், முன்பு கேட்டதையே கேட்கிறார். அவர்கள் சொல்லச் சொல்ல வெளிர்நீலத்தில் எழுதுகிறார். மறுநாள் காலையில் அது கறுத்திருக்கிறது.