வழிகாட்டி வாசிக்காத எழுத்துகள்

ஆக்ராவின் முகலாயக் கட்டடங்களை ஒரே பகலில் காட்டித் திருப்பி அனுப்பும் சுற்றுலா ஏற்பாடுகள் தில்லியில் ஏராளமாக உள்ளன. விடியலில் புறப்படும் பேருந்து, உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர், சிக்கந்தரா, தாஜ்மஹால், செங்கற்கோட்டை, இஃதிமாதுத் தௌலாவின் அடக்கத்தலம் என்னும் வரிசை, இடையே சலவைக்கல் பொருள்கள் விற்கும் கடை ஒன்று, இரவில் மீண்டும் தில்லி. பள்ளிப் படிப்போடு வரலாற்றை விட்டுவிட்டவர்களில் பலர் முகலாயர்களை மறுபடியும் சந்திப்பது இத்தகைய ஒரு பகலில்தான். ஆதலின் அன்று அவர்களுக்குச் சொல்லப்படுவது அற்பமானதன்று.

அத்தகைய பயணம் ஒன்றில் நாமும் சென்று வந்தோம். கண்டவற்றைப் பற்றி எழுதியவர் பலர். கேட்டவற்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். உலகில் வேறெந்தக் கட்டடங்களும் தம்மைக் குறித்து இத்துணை வெளிப்படையாகத் தம் சுவர்களிலேயே எழுதி வைத்துக்கொண்டதில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. அந்த எழுத்துகளின் கீழ் நின்றுகொண்டே அவற்றை விட்டுவிட்டு வேறு கதைகள் பேசப்படுகின்றன.

முதலில் சிக்கந்தரா. 1605இல் மறைந்த அக்பரின் அடக்கத்தலம் ஜஹாங்கீர் காலத்தில் 1613ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. தென்வாயிலின் மீதுள்ள நான்கு மினாராக்களையும் தோட்டத்தில் மேயும் மான்களையும் வழிகாட்டி காட்டினார். அவ்வாயிலின் நெற்றியில் ஓடும் பாரசீக அடிகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அத்தோட்டத்தைச் சுவனத்துக்கு ஒப்பிட்டு, வருவோரை உள்ளே அழைக்கும் அடிகள் அவை. அவற்றை வரைந்தவர் ஷீராஸ் நகரிலிருந்து இந்தியா வந்த அப்துல் ஹக் என்பவர். அவரை இங்கே நினைவில் இருத்திக்கொண்டால், இருபதாண்டுகள் கழித்துத் தாஜ்மஹாலில் மீண்டும் சந்திக்கலாம். 1632இல் ஷாஜஹான் அவருக்கு அளித்த பட்டமே அமானத் கான் என்பது.

தாஜ்மஹாலின் பெருவாயிலில் வழிகாட்டி எழுத்துகளைப் பற்றிப் பேசத்தான் செய்தார். அடியிலிருந்து முடிவரை எழுத்துகள் ஒரே அளவினபோல் தோன்றுவதையும், மேலே செல்லச் செல்ல அவை பெரிதாக வரையப்பட்டுள்ளமையே அதற்குக் காரணம் என்பதையும் விரிவாக விளக்கினார். அனைவரும் வியந்து அண்ணாந்து பார்த்தனர். எழுத்தின் அளவு தெரிந்தது. எழுதப்பட்டிருப்பது யாது என்று கேட்டவருமில்லை, சொன்னவருமில்லை.

அங்கே எழுதப்பட்டிருப்பது திருக்குர்ஆனின் 89ஆம் அத்தியாயமான அல்ஃபஜ்ர். அமைதியுற்ற ஆன்மாவை அதன் இரட்சகன் தன் அடியார்களோடும் தன் சுவனத்தினுள்ளும் புகுமாறு அழைப்பதோடு அந்த அத்தியாயம் முடிவதை நம் வாசகர் அறிவர். அதனை ஒரு வாயிலின் மேல் பொறித்தவர்கள் எதனை எண்ணிப் பொறித்தார்கள் என்பதை விளக்க வேண்டுவதில்லை. சிக்கந்தராவின் வாயிலில் பாரசீகக் கவிதை செய்த அழைப்பை இங்கு இறைவாக்கே செய்கிறது.

உள்ளே சென்றபின், மாளிகையின் தென்முகத்தில் நம்மோடு வந்திருந்த காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் நீண்ட நேரம் அசையாமல் நின்றார். துலுத் என்னும் அந்த எழுத்துமுறை, நம் ஓதும் பள்ளிகளில் பழகிய எழுத்தைப் போன்றதன்று. கொடிகள்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் செல்வது. முதலில் அவருக்கும் அது பிடிபடவில்லை. பிறகு வலப்புறத்து அடியில் முதற் சொல்லைக் கண்டுகொண்டார். அதன்பின் உதடுகள் தாமாகவே அசைந்தன. அது யாஸீன். மரணப் படுக்கையின் அருகிலும் கப்ருகளின் அருகிலும் பராஅத் இரவிலும் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக ஓதிவரும் அதே யாஸீன், மாளிகையின் நான்கு முகப்புகளையும் சுற்றி, வெண்சலவைக்கல்லில் இழைத்த கறுப்புக் கல்லாக ஓடுகிறது. நினைவிலிருந்து அவர் ஓத ஓதச் சுவரின் எழுத்துகள் ஒவ்வொன்றாக அவருக்குப் புலப்பட்டன. வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முகப்புகளின் உள்வளைவுகளில் அத்தக்வீர், அல்இன்ஃபிதார், அல்இன்ஷிகாக், அல்பையினா ஆகிய அத்தியாயங்கள் உள்ளன. முதல் மூன்றும் சூரியன் சுருட்டப்படுவதையும் வானம் பிளப்பதையும் ஏடுகள் விரிக்கப்படுவதையும் பேசுவன. உட்கூடத்தில் அல்முல்க், அல்ஃபத்ஹ், அல்இன்ஸான் ஆகியவற்றோடு, இறைவனின் மன்னிப்பைப் பேசும் அஸ்ஸுமர் அத்தியாயத்தின் வசனங்களும் இடம்பெறுகின்றன. அங்கேதான் அமானத் கான் தம் பெயரையும் ஹிஜ்ரி 1048 என்னும் ஆண்டையும் பொறித்துள்ளார். அது கி.பி. 1638-39. ஒரு காதல் கதையை எழுத விரும்பியவர்கள் தேர்ந்தெடுக்கும் பகுதிகள் அல்ல இவை. மறுமை, கணக்கு, மன்னிப்பு, சுவனம் ஆகிய நான்குமே இக்கட்டடத்தின் பேசுபொருள்கள். மனைவி மீது மன்னர் கொண்டிருந்த பேரன்பை நாம் மறுக்கவில்லை. ஆயின் அந்த அன்பு இங்கே துஆவாக மாறியிருக்கிறது என்பதைக் காணத் தவறினால் தாஜ்மஹாலில் பாதியை மட்டுமே கண்டவராவோம்.

இக்கல்வெட்டுகளை முறையாக ஆராய்ந்தவருள் அமெரிக்க அறிஞர் வெய்ன் பெக்லியும், இந்தியத் தொல்லியல் துறையின் அரபு, பாரசீகக் கல்வெட்டு அறிஞர் ஸியாவுத்தீன் தேசாயும் முதன்மையானோர். அக்கால ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1989இல் இருவரும் இணைந்து வெளியிட்ட தொகுப்பு இன்றும் இன்றியமையாதது. இவ்வமைப்பு முழுவதும் மறுமை நாளின் மஹ்ஷர் வெளியையும் அர்ஷையும் உருவகிப்பது என்று பெக்லி 1979இல் எழுதினார். மறுமை பற்றிய பகுதியை ஏற்பதில் தடையில்லை. வசனங்களே அதற்குச் சான்று. ஆனால் ஒரு கப்ரின் மேல் எழுந்த குவிமாடத்தை அர்ஷுக்கு உருவகமாகக் கொள்வது சுவரில் இல்லாத ஒன்றைச் சுவரில் வாசிப்பதாகவே நமக்குப் படுகிறது.

வழிகாட்டியின் கதைகளுக்கு வருவோம். இருபதாயிரம் பேர் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்தார்கள் என்றார். இக்கணக்கு பிரெஞ்சு இரத்தின வணிகர் தவர்னியேயின் பயண நூலிலிருந்து வருவது. பணியின் தொடக்கத்தையும் முடிவையும் தாமே கண்டதாக அவர் எழுதியிருப்பினும், ஆக்ராவுக்கு அவர் முதன்முறை வந்தது 1640ஐ ஒட்டி. பணியோ 1632இல் தொடங்கிவிட்டது. 1631 ஜூன் மாதத்தில் புர்ஹான்பூரில் பதினான்காவது மகப்பேற்றின்போது மறைந்த மும்தாஜ் மஹல் முதலில் அங்கேயே, தபதி ஆற்றின் மறுகரைத் தோட்டம் ஒன்றில் அடக்கம் செய்யப்பட்டார். சில மாதங்களுக்குப் பின்னரே அவரது உடல் ஆக்ராவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1643இல் நடைபெற்ற பன்னிரண்டாவது உரூஸை ஒட்டி, பணி நிறைவுற்றதாக அரசவை வரலாற்றாசிரியர் அப்துல் ஹமீத் லாஹூரி விரிவாக வருணித்து, செலவு ஐம்பது இலட்சம் ரூபாய் என்று குறிக்கிறார்.

அடுத்தது, சிற்பிகளின் கைகள் வெட்டப்பட்ட கதை. பேருந்தில் இருந்த சிறுவர்கள் அதிர்ச்சியோடு கேட்டது இதனைத்தான். இதற்கு மறுப்பு எழுத அரிய ஏடுகளைத் தேட வேண்டியதில்லை. தாஜ்மஹாலின் கட்டடக் கலைஞர் என்று தம் தந்தையையே மகன் லுத்ஃபுல்லாஹ் குறிப்பிடும் உஸ்தாத் அஹ்மத் லாஹூரி, 1639இல் தில்லிச் செங்கோட்டைக்கு அடித்தளம் இடப்பட்டபோது அப்பணிக்கும் பொறுப்பேற்றார். கையிழந்தவர்களைக் கொண்டு ஷாஜஹானாபாத்தை எழுப்பியிருக்க இயலாது. அன்று காலை நாம் புறப்பட்டு வந்த ஊரே இக்கதைக்கு மறுப்பு.

இத்தகைய கதைகள் பொழுதுபோக்கோடு நின்றுவிடுமாயின் நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. அவை விட்டுச்செல்லும் வெற்றிடத்தில் வேறு கதைகள் குடியேறுகின்றன. இக்கட்டடமே பழைய கோயில் ஒன்று என்னும் வாதம் பல்லாண்டுகளாகப் பரப்பப்பட்டு, நீதிமன்றங்கள் வரை சென்றுள்ளது. அடித்தளத்து அறைகளைத் திறந்து ஆராயக் கோரிய மனுவை அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு 2022 மே மாதம் தள்ளுபடி செய்தது. நிலத்தின் வரலாறு மறைபொருள் அன்று. அது ராஜா மான்சிங்கின் மாளிகை இருந்த இடம் என்பதையும், அவருடைய பேரர் ராஜா ஜெய்சிங்கிடமிருந்து அது பெறப்பட்டது என்பதையும் அரசவை வரலாறுகளே எழுதுகின்றன. ராஜா விலையின்றித் தர முன்வந்தபோதும், மார்க்க விடயத்தில் பேணுதல் கருதி மன்னர் மாற்று மாளிகைகளை அளித்தார் என்கின்றன. நான்கு மாளிகைகளை அளித்து 1633 டிசம்பரில் வழங்கப்பட்ட ஃபர்மானும் கிடைத்துள்ளது. அடக்கத்தலமும் வக்ஃபும் ஆகவிருக்கும் நிலம் ஐயத்துக்கு இடமின்றி உடைமையாகியிருக்க வேண்டும் என்னும் ஃபிக்ஹ் சட்டம் அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை.

வக்ஃப் என்றோம். அக்கால ஏடுகள் இதனைத் தாஜ்மஹால் என்று அழைப்பதில்லை. ரவ்ளாயே முனவ்வரா, ஒளிமிகு ரவ்ளா என்றே அழைக்கின்றன. முப்பது கிராமங்களின் வருவாயும், தென்புறத்துக் கடைவீதிகள், சராய்கள் ஆகியவற்றின் வாடகையும் இதன் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டன. அக்கடைவீதிதான் இன்று தாஜ்கஞ்ச் எனப்படும் நெரிசலான குடியிருப்பு. நம் பேருந்து அதன் ஓரத்தைக் கடந்தபோது வழிகாட்டி உணவு இடைவேளையைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்தார். உத்தரப்பிரதேச சுன்னி வக்ஃப் வாரியம் 2005இல் தாஜ்மஹாலைத் தன் உடைமை என அறிவித்தது. அவ்வழக்கில் ஷாஜஹான் கையொப்பமிட்ட ஆவணத்தைக் காட்டுமாறு 2018இல் உச்சநீதிமன்றம் கேட்டது. உரிமை யாருடையது என்பதைச் சட்டம் தீர்க்கட்டும். இது தொழுகையும் ஓதலும் நிகழ்வதற்கென ஏற்படுத்தப்பட்ட இடம் என்னும் வரலாற்றைத் தீர்ப்பு எதுவும் மாற்றாது. வெள்ளிக்கிழமைகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாயில் அடைக்கப்படுவது ஜும்ஆவுக்காகவே. ஆண்டுதோறும் ரஜப் 25 முதல் 27 வரை ஷாஜஹானின் உரூஸ் நடைபெறுகிறது. அம்மூன்று நாள்கள் மட்டும் கீழறை திறக்கப்பட்டு, மேலே நாம் காணும் அடையாளக் கற்களுக்கு நேர் கீழே உள்ள உண்மையான கப்ருகளை மக்கள் ஜியாரத் செய்கின்றனர். நம் ஊர்க் கந்தூரிகளைக் கண்டவர்களுக்கு அக்கூட்டம் அந்நியமாகத் தோன்றாது.

சலவைக்கல் கடையில் ஒரு மணி நேரம் சென்றது. அன்றைய பகலில் எந்த அடக்கத்தலத்துக்கும் அவ்வளவு தாராளமாக நேரம் ஒதுக்கப்படவில்லை. கோட்டையில் 1658 முதல் 1666 வரை ஷாஜஹான் காவலில் இருந்த மாடத்தை அவசரமாகக் கண்டோம். இறுதிவரை தந்தையைப் பிரியாதிருந்த மகள் ஜஹானாராவின் பெயர் ஒருமுறைகூடச் சொல்லப்படவில்லை. யமுனையின் மறுகரையைச் சுட்டி, அங்கே தமக்கெனக் கறுப்புத் தாஜ் ஒன்றை மன்னர் எழுப்ப எண்ணினார் என்று மட்டும் சொல்லப்பட்டது. இதுவும் தவர்னியே விட்டுச்சென்ற விதைதான். மறுகரையில் இருந்தது மஹ்தாப் பாக் என்னும் தோட்டம். 1652இல் ஔரங்கசீப் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், மழையில் குவிமாடம் ஒழுகுவதையும் அத்தோட்டம் வெள்ளத்தில் மூழ்கியதையும் தெரிவிக்கிறார். 1990களில் நடந்த அகழாய்வில் அங்கே எண்கோணக் குளம் ஒன்று வெளிப்பட்டது. இரண்டாம் அடக்கத்தலம் ஒன்றின் அடித்தளம் எதுவும் வெளிப்படவில்லை.

கறுப்புத் தாஜ் கதைக்கு வழிகாட்டி காட்டிய ஆதாரம் ஒன்றே. மும்தாஜின் கப்ர் கூடத்தின் சரியான நடுவில் உள்ளது. ஷாஜஹானுடையது மேற்கே ஒதுங்கி, எங்கும் காணப்படும் சமச்சீரைக் குலைக்கிறது. ஆகவே அது திட்டமிடப்படாத பிற்சேர்க்கை என்பது அவர் வாதம். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. மாலையில் இறுதியாக இஃதிமாதுத் தௌலாவுக்குச் சென்றோம். மும்தாஜின் பாட்டனார் மிர்ஸா கியாஸ் பேக்குக்காக மகள் நூர்ஜஹான் 1622 முதல் 1628 வரை எழுப்பிய அடக்கத்தலம் அது. சிறிய கட்டடம், வண்ணக்கல் இழைப்பில் தாஜுக்கு முன்னோடி. உள்ளே சென்று பார்த்தபோது நடுவில் இருந்தது மிர்ஸாவின் மனைவி அஸ்மத் பேகத்தின் கப்ர். அவர் கணவருக்குச் சில மாதங்கள் முன்பே மறைந்தவர். அவருக்கு மேற்கே, சமச்சீரைக் குலைத்துக்கொண்டு கணவர். தாஜ்மஹாலில் உள்ள அதே அமைப்பு, அதே குடும்பத்தில், அதற்கு முன்பே. இதனை வழிகாட்டியிடம் சுட்டினோம். அவர் ஒரு கணம் உற்றுப் பார்த்தார். இதனைத் தாம் கவனித்ததில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். அன்று அவர் மீது நமக்கு மதிப்பு ஏற்பட்டது அப்போதுதான். கற்றுக்கொடுக்கப்பட்டதைச் சொல்கிறவர் அவர். பாரசீகமும் அரபும் அவருக்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லை. கற்ற நம்மவரிலும் எத்தனை பேர் அவரிடம் ஒரு கேள்வியேனும் கேட்கிறோம்?

அங்கிருந்து வடக்கே, அதே ஆற்றங்கரையில், வண்ண ஓடுகள் பெரும்பாலும் உதிர்ந்த நிலையில் சீனி கா ரவ்ளா நிற்கிறது. ஷாஜஹானின் அமைச்சர் அஃப்ஸல் கானுடையது அது. அமானத் கானின் உடன்பிறந்தார் அவரே. 1639இல் அஃப்ஸல் கான் மறைந்தபின் எழுத்தோவியர் அமானத் கான் அரசவையை விட்டு விலகி, பஞ்சாபில், லாஹூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் வழிப்போக்கர்களுக்கென ஒரு சராய் கட்டினார். அதன் வாயிலுக்கும் தம் கையாலேயே எழுத்து வரைந்தார். அவ்விடம் இன்று தரன்தாரன் மாவட்டத்தில் சராய் அமானத் கான் என்றே வழங்கும் சிற்றூர். பேருந்து சீனி கா ரவ்ளாவில் நிற்கவில்லை. வழிகாட்டி இறங்கிக்கொண்டார், நாம் தில்லிச் சாலையில் ஏறினோம்.