வீட்டில் கார்பன் மோனாக்சைடு நச்சு

கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு. விறகு, கரி, எரிவாயு, டீசல் போன்றவை போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் அரைகுறையாக எரியும்போது இது உண்டாகிறது. சமையல் எரிவாயு கசிந்தால், அதில் கலக்கப்பட்ட நாற்றம் எச்சரித்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இது பிணைவதால், மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜனின்றித் தவிக்கிறது.

ஹைதராபாத்தின் குஷாய்குடாவில் 2023 ஏப்ரல் 16 அதிகாலை ஒரு மரக்கிடங்கில் மூண்ட தீ, அடுத்த குடியிருப்புக்கும் பரவி, ஒரு தம்பதியையும் அவர்களின் மகனையும் பலிகொண்டது. இத்தகைய தீ விபத்துகளில் சுடரைவிடப் புகையே பெரும்பாலும் முதலில் கொல்கிறது. அப்புகையில் முதன்மையான நஞ்சு இந்த வாயுதான்.

தீப்பிடிக்காத வீட்டிலும் ஆபத்து உண்டு. குளியலறைக்குள் பொருத்திய கேஸ் கீசர், குளிருக்காக அறைக்குள் வைக்கும் கரியடுப்பு, வீட்டை ஒட்டி ஓடும் ஜெனரேட்டர் ஆகியவை முக்கியக் காரணங்கள். கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்த வேண்டும். கரியடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் பயன்படுத்தவே கூடாது. சன்னலைத் திறந்து வைப்பது போதுமான காப்பு அல்ல.

தலைவலி, குமட்டல், மயக்கம் ஒரே வீட்டில் பலருக்கும் சேர்ந்து வந்தால் உடனே அனைவரும் வெளியேறி 108-ஐ அழைக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்நச்சிலும் இயல்பான அளவையே காட்டக்கூடும்; அதை நம்பிச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது.