சந்தாவில் வந்த கைவேலை

கைவேலைக்கு வேண்டிய மாதிரிப் படம், துணி, நூல், செய்முறை ஆகியவற்றைச் சேர்த்து விற்கும் தொழிலின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து பெர்லினில் இருக்கிறது. 1804இல் பிலிப்சன் என்ற அச்சுப்பட வணிகர் கட்டம் போட்ட தாளில் பூவேலை மாதிரிகளை வெளியிட்டார். கட்டங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். கட்டத்தின் நிறமே நூலின் நிறம். 1810இல் விட்டிச் என்ற வணிகர், பூவேலையில் தேர்ந்த தம் மனைவியின் தூண்டுதலால் இதே தொழிலில் இறங்கினார். இதன் பிறகு, வரையத் தெரியாதவரும் எண்ணத் தெரிந்தால் தைத்துவிடலாம் என்றானது.

1831இல் லண்டன் ரீஜண்ட் தெருவில் வில்க்ஸ் என்பவரின் கடை, மாதிரிகளையும் பெர்லின் கம்பளி நூலையும் பெருமளவில் இறக்குமதி செய்யத் தொடங்கியது. 1840 வாக்கில் வெளிவந்திருந்த மாதிரிகள் சுமார் 14,000 என்று அக்காலத் தையற்கலை நூல் ஒன்று கணக்கிடுகிறது. முகம் போன்ற கடினமான பகுதிகளைக் கடையிலேயே தைத்து முடித்து, பின்னணியை மட்டும் வாங்குபவருக்கு விட்டுவைத்த துணிகளும் விற்பனைக்கு வந்தன.

இந்த இயந்திரத்தனமான தையலுக்கு எதிர்ப்பும் எழுந்தது. 1872இல் லண்டனில் தொடங்கிய அரச தையற்கலைப் பள்ளியும், வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் நிறுவனமும் பழைய பூவேலை நுட்பங்களை மீட்க முனைந்தன. ஆனால் அவையும் வடிவம் வரைந்த துணியைத் தையலுக்கு ஆயத்தமாக விற்றன. 1885இல் மாரிஸின் மகள் மே மாரிஸ் பூவேலைப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். ஒரு மூலையில் கொஞ்சம் தைத்துக் காட்டி, மீதியைத் தைக்கப் பட்டு நூலும் சேர்த்துக் கொடுப்பது அந்த நிறுவனத்தின் வழக்கங்களில் ஒன்று.

முழுமையான கைவேலைப் பெட்டி வீடுதோறும் நுழைந்தது 1950களின் அமெரிக்காவில். டெட்ராய்ட்டில் மாக்ஸ் கிளைனின் பெயின்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த டான் ராபின்ஸ், எண்ணிட்ட பகுதிகளில் அதே எண் கொண்ட வண்ணத்தைத் தீட்டும் முறையை வகுத்தார். இது ‘கிராஃப்ட் மாஸ்டர்’ என்ற பெயரில் 1951இல் கடைக்கு வந்தது. தொடக்கத்தில் மீனவர் படத்துக்கான வண்ணங்கள் காளைச் சண்டைப் படத்தின் பெட்டிக்கும், காளைச் சண்டைப் படத்தின் வண்ணங்கள் மீனவர் படத்தின் பெட்டிக்கும் மாறிப்போயின. வாங்கியவர்கள் புகார் செய்தார்கள். பெட்டித் தொழிலில் பொதி கட்டும் மேசையும் வரையும் மேசை அளவுக்கே முக்கியம் என்பது அப்போது விளங்கியது. கலை விமர்சகர்கள் இந்தப் படங்களை ஏளனம் செய்தபோதும் விற்பனை குறையவில்லை. 2001இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் இவற்றுக்கெனக் கண்காட்சியே வைத்தது.

மாதச் சந்தா வேறு வழியில் வந்து சேர்ந்தது. 1926இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘புக் ஆஃப் தி மந்த் கிளப்’ உறுப்பினர்களுக்கு மாதந்தோறும் அஞ்சலில் புத்தகம் அனுப்பியது. 1940இல் ‘சயின்ஸ் சர்வீஸ்’ என்ற வாஷிங்டன் அமைப்பு ‘திங்ஸ் ஆஃப் சயின்ஸ்’ என்ற திட்டத்தை ஆரம்பித்தது. மாதம் ஒரு சிறு பெட்டி வரும். உள்ளே ஒரே பொருளைச் சார்ந்த மாதிரிகளும், அவற்றை வைத்துச் செய்யவேண்டிய சோதனைகளை விளக்கும் கையேடும் இருக்கும். இன்றைய சந்தாப் பெட்டிகளின் அமைப்பு அதில் ஏறக்குறைய முழுமையாகவே இருந்தது.

இணைய வணிகம் அந்த அமைப்பைப் பெரிதாக்கியது. நியூயார்க்கில் 2010இல் தொடங்கிய ‘பிர்ச்பாக்ஸ்’ அழகுப் பொருள்களை மாதச் சந்தாவில் அனுப்பிப் புகழ்பெற்றது. அடுத்த ஆண்டு சாண்ட்ரா ஓ லின் கலிபோர்னியாவில் குழந்தைகளுக்கான கைவேலைப் பெட்டியாக ‘கிவி கிரேட்’டைத் தொடங்கினார். 2013இல் சென்னையில் ‘ஃபிளின்டோபாக்ஸ்’ இளம் குழந்தைகளுக்கான செயல்பாட்டுப் பெட்டிகளைச் சந்தாமுறையில் அனுப்பத் தொடங்கியது.

சந்தா வியாபாரிக்குத் தருவது முன்பணமும் முன்கணக்கும். அடுத்த மாதம் எத்தனை பெட்டி போகும் என்று தெரிந்தால் நூலையும் வண்ணத்தையும் அளவாக வாங்கலாம், சரக்கு தேங்காது. அதற்கு ஈடாக மாதந்தோறும் புது வடிவம் தேடவேண்டும், தபால் செலவைத் தாங்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிக்காத பெட்டிகள் வீட்டில் குவிந்ததும் சந்தாவை நிறுத்திவிடும் வாடிக்கையாளரைத் தக்கவைக்கவேண்டும். கடையில் ஒருமுறை விற்றுமுடித்த பெர்லின் வணிகருக்கு இல்லாத கவலை இது.