பல் எழுதும் பிள்ளைப் பருவம்

அரசர்தம் வரலாற்றைக் கல்வெட்டுகள் கூறும். பெயரற்ற பிள்ளைகளின் வரலாற்றைக் கூறுவது எது? பல்லே எனலாம்.

எலும்பு வாழ்நாள் முழுதும் தேய்ந்து புதுப்பிக்கப்படுவது. பற்சிப்பியோ இளமையில் ஒருமுறை உருவானபின் மாறுவதில்லை. நாள்தோறும் வளரும் அதன் மென்வரிகளுக்கிடையே, பிறந்த பொழுதின் அதிர்ச்சியும் பாற்பல்லில் ஒரு கோடாக நிற்கிறது. கொடும்பசியும் நெடுநோயும் அதில் பள்ளங்களாகப் பதியும். பேரியம் என்னும் தனிமம் பாலூட்டிய காலத்தைக் காட்டும். ஒராங்குட்டான் குட்டிகள் எட்டாண்டுக்கு மேலும் தாய்ப்பால் பருகுவதை இவ்வாறே 2017இல் அறிந்தனர்.

இலங்கையின் பத்ததொம்பலென முதலிய நான்கு இடங்களில் கிடைத்த மாந்தர் பற்களைப் பாட்ரிக் ராபர்ட்ஸ் குழுவினர் ஆராய்ந்து, முடிவுகளை 2015இல் வெளியிட்டனர். அடர்கானின் நிழலில் வளரும் தாவரங்களில் கனத்த கரிமம் குறைவு. அக்குறைவு அவற்றை உண்டு வளர்ந்தோர் பல்லிலும் தங்கும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்குள்ளோர் மழைக்காட்டு உணவையே பெரிதும் நம்பி வாழ்ந்தனர் என்பது இதனால் தெளிவாயிற்று. மழைக்காடு பண்டை மனிதர்க்கு ஒவ்வாதது என்ற பழங்கருத்து தளர்ந்தது.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூரின் பொற்பட்டங்களையும் இரும்புக் கருவிகளையும் வியந்து மீள்கிறோம். அந்தத் தாழிகளில் மண்டையோடுகளும் கிடைத்தன. பொற்பட்டம் ஒருவர் அடைந்த சிறப்பைச் சொல்லும். அவர் பசித்திருந்த நாளைப் பல்லே சொல்லும். பாடுவோராகிய நமக்கு இரண்டாவதே நெருங்கிய செய்தியன்றோ!